எட்டா, ஒன்பதா? கோளும் குறுங்கோளும் பிரிக்கப்படும் விதம்

2024 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், 2006இல் கோள் பட்டியலிலிருந்து குறுங்கோள் வகைக்கு இறக்கப்பட்ட புளூட்டோவைத் தன் ‘மாநிலக் கோள்’ என்று சட்டம் போட்டு அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கோளுக்கான இலக்கணத்தையே மாற்ற வேண்டும் என்று ஒரு முன்மொழிவு உலக வானியலாளர் மாநாட்டில் விவாதத்துக்கு வந்தது. 2025 மே மாதம் சூரியக் குடும்பத்தின் வெளிவிளிம்பில் ஒரு புதிய குறுங்கோள் தென்பட்டிருக்கலாம் என்ற செய்தி. இப்படி ஏதாவது வரும்போதெல்லாம் “புளூட்டோ மறுபடியும் கோள் ஆகிவிட்டதாம்” என்று வாட்ஸப்பில் ஒரு சுற்று ஓடுகிறது.

தமிழக–ஆந்திர எல்லையில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு கிளையும் உண்டு. குப்பம், சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ராகு கேது பரிகாரம் என்றால் காளத்திதான். கோயிலில் நவக்கிரகம் ஒன்பது. பள்ளிக்கூடப் பாடத்திலும் முன்பு கோள்கள் ஒன்பது. இப்போது பிள்ளைகள் எட்டு என்று படிக்கிறார்கள். அப்படியானால் நவக்கிரகக் கணக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் கேட்காதவர்கள் குறைவு. ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்பது வேறு, இந்த ஒன்பது வேறு.

இரண்டு ஒன்பது

நவக்கிரகங்கள்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது. இதில் பூமி கிடையாது. யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றும் கிடையாது. இல்லாத புளூட்டோவை எடுத்துவிட்டதால் இந்தப் பட்டியலில் எதுவும் குறைய வழியில்லை.

முதல் ஏழும் வெறுங்கண்ணால் பார்த்துப் போட்ட பட்டியல். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் இருக்க, அவற்றுக்கு நடுவே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும் ஒளிகள் ஏழு. சூரியன் ஒரு விண்மீன், சந்திரன் பூமியைச் சுற்றும் துணைக்கோள் என்பதெல்லாம் அந்தப் பார்வைக்குத் தேவைப்படவில்லை. நகர்கிறதா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, வானத்தில் இரண்டு புள்ளிகள். சூரியன் போவதாகத் தெரியும் பாதைக்குச் சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்கு அருகில் நேர்ந்தால்தான் கிரகணம். இந்த வெட்டுப்புள்ளிகளும் நிலையாக நிற்பதில்லை. பின்னோக்கி நகர்ந்து சுமார் 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. 12 ராசிக்குப் பிரித்தால் ராசிக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம். ராகு–கேது பெயர்ச்சி அந்த இடைவெளியில் வருவது இதனால்தான். ஜோதிடப் பலன் தனி விவகாரம்; இந்தக் கணிதம் துல்லியமானது.

பட்டியல் சுருங்கியது இது முதல்முறை அல்ல

சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று ஆனபோது ‘கோள்’ என்பதற்கு அர்த்தம் மாறியது. சூரியனைச் சுற்றுவது கோள். சூரியனும் சந்திரனும் வெளியே போயின, பூமி உள்ளே வந்தது, ஏழு ஆறானது. 1781இல் தொலைநோக்கியில் யுரேனஸ் கிடைக்க மறுபடி ஏழு.

1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாட்ஸி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சீரிஸைக் கண்டார். அது சூரியனைச் சுற்றியது; ஆகவே கோள் என்றார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் அதே இடைவெளியில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா. கோள்கள் பதினொன்று ஆயின, பாடப் புத்தகங்களிலும் பதினொன்று என்றே அச்சானது. 1845க்குப் பிறகு அங்கே வருஷா வருஷம் புதிது புதிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு தாங்கவில்லை. எல்லாவற்றையும் ‘சிறுகோள்’ என்று தனியாக வைத்து எண் கொடுத்தார்கள். 1846இல் கிடைத்த நெப்டியூனோடு சேர்த்து எட்டு மிஞ்சியது.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர். அதன் வரிசை எண் 67. அறுபத்தேழு கோள் என்று எந்தப் பிள்ளை மனப்பாடம் செய்யும்?

சீரிஸ் அரை நூற்றாண்டு கோளாக இருந்துவிட்டு இறங்கியது. அதற்காக யாரும் சட்டமன்றத்தில் தீர்மானம் போடவில்லை. புளூட்டோ இறங்கியதற்குப் பிறந்த கோபத்தில் பாதிக்கு மேல் அறிவியலில் சேராது, பால்ய நினைவில் சேரும்.

புளூட்டோ இளைத்த கதை

1930 பிப்ரவரியில் அரிசோனாவின் லோவல் ஆய்வகத்தில் கிளைடு டாம்போ புளூட்டோவைக் கண்டார். (மாநிலச் சட்டத்தின் பின்னணி இந்த ஊர்ப்பாசம்தான்.) அப்போது அது பூமி அளவுக்கு நிறை கொண்டது என்று நினைத்தார்கள். ஆண்டுகள் போகப் போக மதிப்பீடு இறங்கிக்கொண்டே வந்தது. 1978இல் அதன் துணைக்கோள் சாரோன் கிடைத்ததும் கதை தெளிவானது. ஒரு துணைக்கோள் எவ்வளவு தொலைவில் எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும், அதைப் பிடித்து வைத்திருப்பதன் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். புளூட்டோவின் நிறை நம் சந்திரனில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக வரவில்லை என்பது இன்றைய கணக்கு.

நிறை குறைவு என்பதோடு, அது தனியாகவும் இல்லை. 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறை உடல்கள் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கின. அந்த வட்டாரத்துக்குக் கைப்பர் பட்டை என்று பெயர். 2005இல் அமெரிக்க வானியலாளர் மைக் பிரவுனின் குழு அறிவித்த ஏரிஸ், புளூட்டோவைவிடப் பெரிது என்று முதலில் தோன்றியது. ‘பத்தாவது கோள்’ என்று தலைப்புகள் வந்தன. சீரிஸ் காலத்துச் சிக்கல் திரும்பி வந்துவிட்டது: இரண்டையும் கோள் என்றால் பின்னால் நிற்கும் கூட்டத்தை என்ன செய்வது?

2006 இலக்கணம்

2006 ஆகஸ்ட் 24, பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் கூடி வாக்கெடுத்தது. சூரியக் குடும்பத்தில் ஒன்று கோள் எனப்பட மூன்று நிபந்தனைகள்:

1. சூரியனைச் சுற்ற வேண்டும்.
2. தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும்.
3. தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும்.

முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாமல், தானே ஒரு துணைக்கோளாகவும் இல்லாமல் இருந்தால் அது குறுங்கோள். உருண்டையும் ஆகாதவை சிறுகோள், வால்நட்சத்திரம் போன்ற சிற்றுடல்கள். ஒன்றியம் ஏற்றுக்கொண்ட குறுங்கோள்கள் இன்றுவரை ஐந்து: சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மகேமகே, ஏரிஸ். சீரிஸுக்கு இது ஒரு படி ஏற்றம் என்பது பலருக்கு நினைவில் இல்லை.

இந்த மூன்றில் ‘அளவு’ எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வியாழனின் துணைக்கோள் கானிமீடின் விட்டம் 5,268 கி.மீ.; புதன் 4,879 கி.மீ.தான். கானிமீட் சுற்றுவது வியாழனை, ஆகவே முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுகிறது. பின்னாளில் துல்லியமாக அளந்தபோது புளூட்டோ 2,377 கி.மீ., ஏரிஸ் 2,326 கி.மீ. என்று ஆனது. “பார்த்தீர்களா, புளூட்டோதான் பெரியது, பதவியைத் திருப்பிக் கொடுங்கள்” என்று எழுதியவர்கள் உண்டு. அளவு குறைந்ததால் அது இறக்கப்படவே இல்லை. போதாததற்கு, ஏரிஸ் உருவில் சற்றுச் சிறியது என்றாலும் நிறையில் புளூட்டோவைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்.

உருண்டை ஆவது எப்போது

ஒரு பாறைத்துண்டு கோணலாக இருக்கலாம். பாறையின் உறுதி அதைத் தாங்கும். நிறை கூடக் கூட, மேடுகளை உள்ளே இழுக்கும் ஈர்ப்பு அந்த உறுதியை மிஞ்சிவிடுகிறது. பனிக்கு இது சீக்கிரம் நடக்கும், பாறைக்கு அதிகம் வேண்டும். சனியின் துணைக்கோள் மைமாஸ் பனியாலானது, 400 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, அழகான உருண்டை. வெஸ்டா பாறை, 525 கி.மீ. இருந்தும் தென்பகுதியில் பெரிய மோதல் பள்ளத்தோடு நசுங்கி நிற்கிறது. சீரிஸ் 940 கி.மீ., உருண்டை.

ஆகவே எல்லைக்கோடு ஒரு எண் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது, உருவானபோது எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதெல்லாம் சேர்கிறது. ஹௌமியா நாலு மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்வதால் நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது.

பாதையைத் துப்புரவாக்குவது என்றால்

சண்டை எல்லாம் மூன்றாவது நிபந்தனையில்தான். ‘துப்புரவு’ என்றதும் ஒரு துகள்கூட மிச்சமிருக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டு, “பூமிப் பாதையில் சிறுகோள்கள் வருகின்றனவே, வியாழன் பாதையில் ஆயிரக்கணக்கில் ட்ரோஜன் சிறுகோள்கள் இருக்கின்றனவே, அப்படியானால் பூமியும் வியாழனும்கூடக் கோள் இல்லையா?” என்று கேட்பார்கள்.

தேரோடும் வீதியை நினைத்துப் பாருங்கள். தேர் வரும்போது வீதியில் ஆளே இல்லாமல் போவதில்லை. சிலர் சந்துக்குள் ஒதுங்குகிறார்கள், சிலர் தேரோடு சேர்ந்தே நடக்கிறார்கள். யார் எங்கே நிற்கலாம், எந்த வேகத்தில் போகலாம் என்பதைத் தேர் தீர்மானிக்கிறது. வியாழனின் ட்ரோஜன்கள் வியாழனுக்கு 60 பாகை முன்னும் பின்னும் அதன் ஈர்ப்பு விட்டுவைத்த இடத்தில் கட்டுப்பட்டுச் சுற்றுகின்றன. வியாழன் தன் பாதையை ஆள்கிறது என்பதற்கு அவையே சாட்சி.

புளூட்டோ இந்தக் கணக்கில் எந்தப் பக்கம்? அது சூரியனைச் சுற்ற 248 ஆண்டுகள். நெப்டியூன் சரியாக மூன்று சுற்றுப் போகும்போது புளூட்டோ இரண்டு சுற்று. இந்தத் தாளக்கட்டு இருப்பதால்தான் இரண்டும் பாதை குறுக்கிட்டாலும் மோதிக்கொள்வதில்லை. 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. அப்போதும் நெப்டியூன் வெகுதொலைவில் வேறொரு பக்கம் இருந்தது. இதே 3:2 தாளத்தில் நெப்டியூனுக்குக் கட்டுப்பட்ட உடல்கள் இன்னும் நிறைய உண்டு. புளூட்டோ அந்தக் கூட்டத்தில் பெரியது, அவ்வளவே.

இதை எண்ணாலும் சொல்லலாம். வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் 2006இல் போட்ட கணக்கு எளிமையானது: ஒரு உடலின் நிறையை, அதன் பாதை வட்டாரத்தில் உள்ள மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையால் வகுக்க வேண்டும்.

- பூமி: சுமார் 17 லட்சம் மடங்கு
- நெப்டியூன்: சுமார் 24,000 மடங்கு
- சீரிஸ்: மூன்றில் ஒரு பங்கு
- புளூட்டோ: பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு

எட்டுக் கோள்களுக்கும் விடை ஆயிரக்கணக்கிலோ அதற்கு மேலோ வருகிறது. குறுங்கோள்களுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. நடுவில் யாருமே இல்லை. இந்த வெற்றிடம் மனிதர்கள் வாக்குப் போட்டு உண்டாக்கியது அல்ல. கோடு எங்கே போடலாம் என்று இயற்கையே இவ்வளவு அகலமான இடத்தைக் காட்டும்போது அங்கே போடுவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

அளப்பது எப்படி: காவலூர் காட்டிய வழி

நெப்டியூனுக்கு அப்பால் இருப்பதெல்லாம் பெரிய தொலைநோக்கியிலும் ஒளிப்புள்ளிதான். புள்ளியின் பிரகாசத்தை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. சின்னதாக வெண்பனி போர்த்திய உடலும் பெரிதாகக் கரிபிடித்த உடலும் ஒரே பிரகாசம் காட்டும். ஏரிஸ் விஷயத்தில் முதலில் அளவு கூடிப்போனது இதனால்தான். அதன் மேற்பரப்பு எதிர்பார்த்ததைவிட வெளுப்பு.

நம்பகமான வழி விண்மீன் மறைப்பு. உடல் ஒன்று தொலைதூர விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது விண்மீன் சில நொடிகள் அணைந்து மீளும். அணைந்த நேரத்தை உடலின் வேகத்தால் பெருக்கினால் அந்த இடத்தில் அதன் குறுக்களவு. பல ஊர்களிலிருந்து ஒரே சமயத்தில் பார்த்தால் பல குறுக்கு வெட்டுகள், அவற்றைச் சேர்த்தால் உருவத்தின் வரைகோடு. 2010 நவம்பரில் ஏரிஸ் அளக்கப்பட்டது இப்படித்தான்.

இந்த முறையில் நம் எல்லைப்புறத்துக்குப் பழைய பெயர் இருக்கிறது. வாணியம்பாடிக்கு மேற்கே மலை ஏறினால் ஆந்திரத்துக் குப்பம்; தென்கிழக்கே ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போவதை அங்கே ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸ் வந்து சேருவதற்கு முன்பே விண்மீன் ஒருமுறை மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்க வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். அதே நிகழ்வைப் பறக்கும் ஆய்வகத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு யுரேனஸின் இரு பக்கமும் பல மங்கல்கள் கிடைத்திருந்தன. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அன்று தெரியவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் சனியினுடையது போன்ற வளைய அமைப்பு என்றே எழுதினார்கள். ஒரே ஒரு மங்கலை வைத்துக்கொண்டு துணைக்கோளா வளையமா என்று பிரிக்க முடியாது. குறுங்கோள் விஷயத்திலும் இதே நிலைதான்: வகை சொல்வதற்கு முன் வேண்டிய அளவீடுகள் சேர வேண்டும்.

நாற்பது ஆண்டு கழித்து, 2017 ஜனவரியில், இதே முறையால் ஹௌமியாவைச் சுற்றியும் ஒரு வளையம் இருப்பது தெரிந்தது. வளையத்தோடு ஒரு தலைவலியும் வந்தது.

இலக்கணத்தின் ஓட்டைகள்

அந்தத் தலைவலி இதுதான்: அளந்து பார்த்தால் ஹௌமியாவின் வடிவம், ஈர்ப்பும் சுழற்சியும் மட்டும் சேர்ந்து தரவேண்டிய வடிவத்தோடு எளிதில் பொருந்தவில்லை. ஏற்கெனவே குறுங்கோள் என்று பெயர் வாங்கிவிட்டது. உண்மையில் ஹௌமியாவும் மகேமகேயும் பட்டியலில் சேர்ந்தது வடிவத்தை அளந்து அல்ல. ஒரு குறிப்பிட்ட பிரகாசத்துக்கு மேல் இருந்தால் பெயர் சூட்டும் வசதிக்காகக் குறுங்கோள் என்று வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின்படி. கறாராகப் பார்த்தால் புதன்கூட இந்த உருண்டைச் சமநிலையிலிருந்து சற்று விலகியதுதான். இரண்டாவது நிபந்தனை கேட்க எளிது, சோதிக்கக் கடினம்.

அடுத்தது தொலைவு. சூரியனிலிருந்து தள்ளிப்போகப் போகப் பாதை நீள்கிறது, வேகம் குறைகிறது, துப்புரவாக்க அதிக நிறை வேண்டும். இதே பூமியை மிக வெளியே கொண்டுபோய் வைத்தால் தேறுமா என்று புளூட்டோவுக்கு விண்கலம் அனுப்பிய திட்டத்தின் தலைவர் ஆலன் ஸ்டெர்ன் போன்றவர்கள் கேட்கிறார்கள். மேற்பரப்பில் பனிமலை, காற்றுமண்டலம், ஓடும் நைட்ரஜன் பனி எல்லாம் உள்ள ஒரு உலகை அதன் முகவரியைப் பார்த்து வகைப்படுத்துவதா என்பது அவர்கள் வாதம். நிலவியல் படிப்பவருக்கு அது பொருந்தும். சூரியக் குடும்பம் எப்படி அமைந்தது என்று படிப்பவருக்கு முகவரிதான் முக்கியம். என் சாய்வு இரண்டாவது பக்கம்.

எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது முதல் நிபந்தனை. ‘சூரியனை’ என்று எழுதிவிட்டதால், வேறு விண்மீன்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான உலகங்களுக்கு இந்த இலக்கணம் பேசவே பேசாது. 2024 முன்மொழிவு கைவைத்தது இங்கேதான். ஜான்–லூக் மார்கோவும் இரு சக ஆய்வாளர்களும் சொல்வது:

1. ஏதோ ஒரு விண்மீனையோ, விண்மீனின் எச்சத்தையோ, பழுப்புக் குள்ளனையோ (விண்மீன் ஆகப் போதிய நிறை இல்லாத உடல்) சுற்ற வேண்டும்.
2. நிறை, 1 போட்டு 23 சுழி சேர்த்த கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். பூமியில் அறுபதில் ஒரு பங்கு.
3. வியாழனைப் போல் 13 மடங்கு நிறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே ஒருவகை அணுப்பிணைவு தொடங்கிவிடும்.

உருண்டையா என்று பார்க்க வேண்டாம், பாதையைப் பார்க்க வேண்டாம், நிறை தெரிந்தால் போதும். எட்டில் மிகச் சிறிய புதன் இதில் தாராளமாகத் தேறுகிறது. புளூட்டோவுக்கு இன்னும் எட்டு மடங்கு நிறை வேண்டும். ஆக, இந்த இலக்கணம் நாளை ஏற்கப்பட்டாலும் புளூட்டோ திரும்பி வராது. அதன்மேல் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. இன்றும் நடைமுறையில் இருப்பது 2006 இலக்கணமே. மாநிலச் சட்டமன்றம் எதை வேண்டுமானாலும் மாநிலச் சின்னம் ஆக்கலாம், வானியலாளர்களின் பட்டியலை அது தொடாது.

அடுத்த செய்தி வரும்போது

2025 மே மாதம் வந்த பெயர் ‘2017 ஓஎஃப் 201’. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்குச் சுமார் 25,000 ஆண்டுகள். அந்தச் சுற்றில் மிகச் சிறு பகுதியில் மட்டுமே நம் தொலைநோக்கிகளுக்கு எட்டும் தூரத்தில் வரும். விட்டம் சுமார் 700 கி.மீ. என்று சொல்லப்படுகிறது, அது பிரகாசத்திலிருந்து போட்ட மதிப்பீடு. பனி உடல் என்றால் அந்த அளவுக்கு உருண்டையாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆகவே தலைப்பில் எப்படிப் போட்டிருந்தாலும் அது இப்போதைக்குக் குறுங்கோள் ‘வேட்பாளர்’. கோள் ஆகும் பேச்சுக்கே இடமில்லை. குவாவார், செட்னா, கோங்கோங், ஓர்கஸ் ஆகியவையும் ஆண்டுக்கணக்கில் இதே வரிசையில் காத்திருக்கின்றன.

சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் ஆய்வகம் இனி வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கும். நெப்டியூனுக்கு அப்பால் இப்போது தெரிந்தவற்றைப் போலப் பல மடங்கு உடல்கள் அதில் சிக்கும் என்பது எதிர்பார்ப்பு. அவற்றில் சில உருண்டையாக இருந்து குறுங்கோள் வேட்பாளர் வரிசையை நீட்டும். எட்டு என்பது ஒன்பதாக வேண்டுமானால் பூமியைவிடப் பல மடங்கு நிறையோடு ஒன்று அங்கே மறைந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கலாம் என்று மைக் பிரவுனும் கான்ஸ்டன்டின் பாட்டிகினும் 2016இல் கணக்குப் போட்டார்கள். இன்னும் யாரும் அதைப் பார்க்கவில்லை.